எண்ணெயில் குழைத்த மஞ்சள்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "மாமா மண்டபத்து முதல் உத்தரத்தோட நடு ஜாயிண்ட்ட நம்பலாமாப்பா? ட்ராயிங்ல நீங்க எழுதியிருக்கிறபடிதான போட்டீங்க?" என்றாய். நான் "ம்" என்றேன். நீயும் சரி என்று வைத்துவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். அந்த "ம்" பொய். உன் அப்பா நான், வாழ்க்கையில் எத்தனையோ பேரோடு சண்டை போட்டிருக்கிறேன், முசுடு என்று பேர் வாங்கியிருக்கிறேன். ஆனால் இரும்பு விஷயத்தில் யாரிடமும் பொய் சொன்னதில்லை. முதல் பொய்யை உன்னிடமே சொல்லியிருக்கிறேன். வாயால் சொல்லப் போனால் குரல் உடைந்துவிடும், நீ பதறிப்போய் அடுத்த ரயிலில் ஏறி வந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். நடுவில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்காக உன் மாமா அந்த மண்டபத்துக்கு ஏசி போடுகிறார். கூரையிலிருந்து மெஷின்களும் தகரக் குழாய்களும் ஃபால்ஸ் சீலிங்கும் தொங்கப் போகின்றன. அந்த எடையைக் கூரை தாங்குமா என்று உன்னிடம் கேட்டார். நீ என் பழைய ட்ராயிங்கை வைத்துக் கணக்குப் போட்டுத் தாங்கும் என்று சொன்னாய். உன் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு, முதல் உத்தரத்தின் நடுவில் சேரும் இரண்டு இரும்பு முகங்களும் சுத்தமாக இருக்கின்றன என்று நம்புகிறது. ட்ராயிங்கின் ஓரத்தில் என் கையெழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் அந்த முகங்களில் ஒன்று சுத்தமாக இல்லை. அதில் உன் அம்மாவின் கை இருக்கிறது.

நீயும் என் தொழிலுக்கே வந்தவன், உனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை வரப்போகிற மருமகளும் படிப்பாள் என்று நினைக்கிறேன், படிக்கவும் வேண்டும், அவளுக்காகக் கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன். மருமகளே, அந்த மண்டபத்தின் உத்தரங்கள் அம்புட்டு நீளத்துக்கு லாரியில் வராது. அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு துண்டாகக் கொண்டுவந்து நடுவில் தகடுகள் வைத்து போல்ட் போட்டுச் சேர்த்தோம். போல்ட்தான் சுமையைத் தாங்குகிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். இந்த மாதிரி இணைப்பில் போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும்தான். தாங்குவது இரண்டு முகங்களுக்கும் இடையில் இருக்கும் சொரசொரப்பு. செங்கலை உலர்ந்த கையால் தூக்கினால் நழுவாது, அதையே எண்ணெய்க் கையால் தூக்கிப் பார். அதனால்தான் சேரும் முகங்களில் பெயிண்ட், எண்ணெய், மசகு, துரு எதுவும் இருக்கக் கூடாது என்று விவரக்குறிப்பில் எழுதுவோம். எந்த இரும்பு, எந்த போல்ட், எவ்வளவு இறுக்கம் என்பதையெல்லாம் சொல்லும் காகிதத்துக்குத்தான் விவரக்குறிப்பு என்று பேர். தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து என் வயதின் பெரும்பகுதியை நான் அதை எழுதியே கழித்தேன்.

அதை எழுதுகிறவன் என்றால் ஊரில் ஒரு மரியாதையும் கிடையாது. கட்டடம் கட்டுகிறவனைத் தெரியும், இரும்பு விற்கிறவனைத் தெரியும், இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதுகிறவன் எல்லோருக்கும் தொந்தரவு. பேரையூர்ப் பக்கம் ஒரு பருத்திக் கிடங்குக்கு லாரி நிறைய இரும்பு ஆங்கிள் வந்து இறங்கியது. பார்வைக்கு எல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. பரிசோதனைச் சான்று எங்கே என்று கேட்டேன். கொண்டுவந்தவர் சிரித்தார், எல்லாம் ஒரே இரும்புதானே சார் என்றார். ஒரு துண்டை வெட்டி, சூடு காட்டாமல் அப்படியே வளைக்கச் சொன்னேன். வளைவின் முதுகில் முறுக்கைக் கடித்த மாதிரி வெடித்தது. பழைய சாமான்களை உருக்கி உருட்டிய இரும்பு அது. லாரியைத் திருப்பி அனுப்பினேன், கிடங்குக்காரர் என்னோடு பேச்சையே விட்டுவிட்டார். அன்றைக்கு எனக்குள் ஒன்று வந்து உட்கார்ந்தது. விவரக்குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எங்கோ ஒரு கூரை இறங்கியிருக்கிறது, அதன் அடியில் யாரோ ஒருத்தர் நின்றிருக்கிறார். நாம் எழுதுவது அவர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் வைத்தியம் பார்க்கச் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு எந்தக் கூரைக்கு அடியில் போனாலும் முதலில் மேலே பார்ப்பது பழக்கமாகிவிட்டது. உன் சிநேகிதனின் அக்கா கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் எல்லோரும் மணமேடையைப் பார்க்க, நான் மேலே வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வெட்கப்பட்டு இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாய். உன் அம்மா என் தொடையில் கிள்ளி, "பொண்ணப் பாருங்க, கூரை எங்கயும் ஓடிறாது" என்றாள். வீட்டிலும் அவளுக்கு நான்தான் வேடிக்கை. விருந்தாளிகள் வந்தால், இவர் குழம்புக்குக்கூட விவரக்குறிப்பு கேட்பார் என்று என்னை வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிப்பாள். எனக்குக் கோபம் வரும். வந்த கோபம் அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விடும். நான் இளகிய இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

உன் மாமா கொட்டாம்பட்டிக்கு இந்தப் பக்கம், திருச்சி ரோட்டு மேல் அந்த மண்டபத்தைக் கட்ட ஆரம்பித்தபோது நீ ஏழாவது படித்தாய். முதல் உத்தரம் ஏற்றுகிற அன்று உனக்குப் பரீட்சை, வரவில்லை. கூடப்பிறந்தவள் கையால் முதல் மஞ்சள் வைக்க வேண்டும் என்று மச்சான் உன் அம்மாவை அழைத்திருந்தார். நிலை வைக்கும்போது நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைப்பது போல உத்தரத்துக்கும் வைக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. நான் முந்தின நாளே சேரும் முகங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்கி, துணி போட்டு மூடி, பக்கத்தில் சாக்பீஸால் "தொடாதே" என்று பெரிதாக எழுதி வைத்திருந்தேன். காலையில் கிரேன்காரர் வண்டியை மண் இளகிய இடத்தில் நிறுத்திவிட்டார், அவரோடு மல்லுக்கட்டப் போய்விட்டேன். அதற்குள் பூசை முடிந்து, தகடு ஏறி, போல்ட் பூட்டி, நான் திரும்பி வந்தபோது பிட்டர்கள் கடைசி இறுக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உத்தரத்தின் வெளிப்பக்கம் ஒரு பொட்டு மஞ்சள்கூட இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. உன் அம்மா பட்டுச்சேலையில் வெயிலில் நின்று, கிரேன் தூக்கிக்கொண்டு போவதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத்தான் பார்த்தேன்.

கூரைத் தகடு போட்டு முடித்த பிறகு ஒரு நாள் மாலை மச்சான், நான், உன் அம்மா மூன்று பேரும் வெறும் மண்டபத்துக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தோம். வெயில் இறங்கி, கூரை சூடு தணிகிற நேரம். மேலே "டங்" என்று ஒரு சத்தம். மூடிய கதவை யாரோ உள்ளங்கையால் ஓங்கித் தட்டியது போல இருந்தது. மச்சான் வெளியே ஓடிவிட்டார். மறுநாள் காலையில் அதே இடத்தில், சூடு ஏறுகிற நேரத்தில், திரும்பவும் வந்தது. மச்சான் ஐயரை அழைத்து ஹோமம் செய்தார், வாசலில் பூசணிக்காய் உடைத்தார், நான்கு மூலையிலும் எலுமிச்சை நறுக்கி வைத்தார். சத்தம் எதற்கும் மசியவில்லை. எனக்கு அது என்ன என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. முகங்கள் வழுக்குகின்றன. துளைக்கும் போல்ட்டுக்கும் இடையில் அரிசித் தடிப்புக்கு ஒரு இடைவெளி உண்டு, அந்த அளவுக்கு இரும்பு நகர்ந்து போய் போல்ட்டில் முட்டுகிறது. ஆனால் எப்படி வழுக்கும், நான்தானே தேய்த்தேன் என்பதுதான் விளங்கவில்லை. மற்ற எந்த உத்தரமும் சத்தம் போடவில்லை, முதல் உத்தரம் மட்டும்தான்.

வீட்டில் இதைப் புலம்பிக்கொண்டே சாப்பிட்டேன். உன் அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே, அன்றைக்கு மஞ்சளை வெளியில் வைக்கவில்லை, உள்பக்கம்தான் வைத்தேன் என்றாள். வெளியில் வைத்தால் பெயிண்ட் அடித்து மூடிவிடுவார்களாம், உள்ளே வைத்தால் கட்டடம் இருக்கிற வரைக்கும் இருக்குமாம். துணியை விலக்கி உள்ளங்கை முழுதும் அப்பி ஒரு அச்சு வைத்திருக்கிறாள். பிட்டர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஆனால் சுமங்கலி சாமிக்கு வைத்த மஞ்சளை எவன் துடைப்பான்? அதன் மேலேயே பயபக்தியோடு தகட்டை வைத்துப் பூட்டிவிட்டார்கள். பக்கத்தில் தொடாதே என்று எழுதியிருந்ததே என்று கேட்டேன். "அது வேலக்காரங்களுக்கு எழுதுனது. நான் வீட்டுக்காரி" என்றாள்.

சரி, மஞ்சள் தண்ணீர் காய்ந்தால் இம்புட்டு வழுக்காதே என்று யோசித்துக்கொண்டு, எதில் குழைத்தாய் என்று கேட்டேன். நல்லெண்ணெயில் என்றாள். மஞ்சளை யாராவது எண்ணெயில் குழைத்து வைப்பார்களா என்று நான் கத்தினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இரும்புல தண்ணி படக்கூடாது, தண்ணி பட்டா துரு ஏறிரும்னு இத்தன வருசமா வீட்ல கத்துறது யாரு? அருவாமனையக் கழுவித் தொடைக்கலைன்னு என்னைய எம்புட்டுப் பேசியிருக்கீங்க. அதான் உங்க இரும்புக்கு எண்ணெயில கொழச்சேன்." எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். புரை ஏறித் தண்ணீர் குடிக்கும் வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம். அண்ணனுக்குத் தெரிந்தால் அபசகுனம் என்று மனசு உடைந்துவிடுவார், சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். நான் மறுநாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வழுக்கினாலும் போல்ட்டின் தண்டு துளையில் சாய்ந்து நிற்கும். தகரக் கூரை கனமில்லாதது, அதற்கு அது தாராளமாகப் போதும். சத்தம் மட்டும் இருக்கும், அவ்வளவுதான். மேலே வேறு எடை ஏற்றாதவரைக்கும் ஆபத்தில்லை என்று முடிவு செய்து விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் நாங்கள் போன விசேஷங்களில் எல்லாம் அது எங்கள் இரண்டு பேருக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. மாலை வரவேற்பில் கச்சேரி நடக்கும், சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், மேலே "டங்" என்று வரும். உன் அம்மா என் பக்கம் திரும்பிப் புருவத்தை மட்டும் தூக்குவாள். தட்டுவது நான்தான் என்று அர்த்தம். நான் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி "வந்துட்டியா" என்பேன். நீ ஒரு தடவை எங்களைப் பார்த்து, என்ன ரகசியம் என்று கேட்டாய். ஒன்றும் இல்லை என்றோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பேசாமல் சிரித்துக்கொள்ள ஒன்று இருந்தது, அதை உனக்குக்கூடப் பங்கு போட எங்களுக்கு மனசில்லை. நீயும் உன் மனைவியும் இப்படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உன் பிள்ளைகள் கேட்டால் சொல்லாதீர்கள்.

பிறகு உன் அம்மா போனாள். அது உனக்குத் தெரிந்த கதை, அதைத் திரும்ப எழுதி நம் இரண்டு பேரையும் வருத்த விரும்பவில்லை. நீ புனேக்குத் திரும்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம், அதே மண்டபத்தில். போகாமல் இருந்தால் மச்சான் வருத்தப்படுவாரே என்று போனேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கியது. "டங்." நான் என்னை அறியாமல் பக்கத்து நாற்காலி பக்கம் திரும்பி, "வந்துட்டியா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தது யாரோ முன்பின் தெரியாத ஒரு பெரியவர். அவர், இப்பத்தான் வந்தேன், நீங்க பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டார். நான் எழுந்து கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எந்த விசேஷமும் இல்லாமல் நானாகப் பஸ் ஏறிப் போனேன். அதற்கடுத்த வெள்ளியும். நீ போன் செய்யும்போதெல்லாம் மேலூர்ப் பக்கம் கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னேனே, அது இதுதான். வாட்ச்மேனிடம் கூரையைப் பார்க்க வேண்டும் என்பேன். அவர் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவார். காலி மண்டபத்தில் அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வெயில் இறங்குவதற்காகக் காத்திருப்பேன். மழைக்காலத்தில் சில நாள் கூரை சூடேறவே செய்யாது, சத்தம் வராது. அந்த வாரம் முழுக்க வீட்டில் எதன் மேலாவது எரிந்து விழுவேன். ஒரு நாள் வாட்ச்மேன் என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, தணிந்த குரலில், "அண்ணே, அது வேற ஒண்ணும் செய்யாது. யாரோ பொம்பளையாளு, கதவத் தொறக்கச் சொல்லித் தட்டுது. தொறக்கத்தான் ஆளில்ல" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, தம்பி. தெரியாமல்தான் சொன்னார். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

நான் படித்தவன். அது வெப்பத்தில் நீளும் இரும்பு, குளிரில் சுருங்கும் இரும்பு. யார் கேட்டாலும் விளக்கிச் சொல்வேன். ஆனால் விளக்கம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று எவன் சொன்னானோ தெரியாது, எனக்குப் போகவில்லை. பயம் என்பதும் சரியான சொல் இல்லை. அவள் அங்கே உள்ளே இருக்கிறாள், போல்ட்களை இறுக்கிப் பூட்டியிருக்கிறோம், தினமும் இரண்டு வேளை தட்டுகிறாள் என்று ஒரு நினைப்பு. அதை நான் விரட்டவில்லை, பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது நீ கேட்டபோது "ம்" என்று சொன்னது அதனால்தான். இல்லை என்று சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அந்த இணைப்பைப் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்வாய். அதுதான் சரி. ஏசி மெஷின் பகலெல்லாம் அதிர்ந்துகொண்டே இருக்கும். வழுக்குகிற இணைப்பு அந்த எடையோடு அதிர்ந்து அதிர்ந்து, போல்ட்டும் துளையும் ஒன்றையொன்று தின்னும். எத்தனை வருஷத்தில் என்று நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அடியில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதுவரை எழுதிவிட்டு, ட்ராயிங்கை மறந்துவிடு, கணக்கை மாற்று, ஏசி வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிடு என்று முடிப்பதாக இருந்தேன். அப்படி எழுதியும் பார்த்தேன். படித்தபோது அசிங்கமாக இருந்தது. உன் கல்யாணத்துக்கு வருகிறவர்களை வேர்க்கவைத்து நான் ஒரு சத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். இந்த வருஷம் நீ சொல்லி ஏசி நின்றாலும், நானும் இல்லாத ஒரு காலத்தில் மண்டபத்தை வாங்குகிறவன் தொங்கவிடுவான். அவனிடம் இருக்கப் போவது என் ட்ராயிங் மட்டும்தான். அதில் சுத்தம் என்று எழுதியிருக்கிறது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுநாள் காலையில் மச்சான் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப இத்தன நாளும் எந்தங்கச்சியத் தொரத்தவா மாப்ள நான் பூசணிக்கா ஒடச்சேன்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நேற்று வேலை நடந்தது. உத்தரத்துக்கு அடியில் இரும்புக் கோபுரம் நிறுத்தி, ஜாக்கி வைத்து, பாரம் முழுவதையும் அதன் மேல் வாங்கிக்கொண்டோம். நானும் சாரத்தில் ஏறினேன். முழங்கால் வலியோடு ஏறக் கூடாது என்று நீ சத்தம் போடுவாய், போட்டுக்கொள். பழைய போல்ட்களைக் கழற்றித் தூரப் போட்டோம். ஒரு தடவை முழு இறுக்கம் பெற்ற போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, அதுவும் விவரக்குறிப்பில் உள்ளதுதான். இந்த இடத்தில் கல்யாணத்தைப் பற்றி ஒரு அழகான வாக்கியம் எழுத வந்தது, அடித்துவிட்டேன். கடைசி போல்ட் வந்ததும் பிட்டர்கள் தகட்டை நெம்பி மெதுவாக விலக்கினார்கள்.

மஞ்சள் இல்லை தம்பி. மஞ்சள் நிறம் எப்போதோ போயிருந்தது. முகம் முழுதும் ஓரத்திலிருந்து துரு ஏறி, காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. நடுவில் மட்டும் எண்ணெய் பட்ட இடத்தில் துரு ஏறவே இல்லை. நான் அன்று தேய்த்துவிட்டது போலவே இரும்பு பளிச்சென்று இருந்தது. ஒரு கை. ஐந்து விரலும் விரித்த ஒரு கை. உன் அம்மாவின் சுண்டுவிரல் உள்பக்கம் லேசாக வளைந்திருக்குமே, உனக்கும் அப்படித்தான், அது அப்படியே இருந்தது. விரல் நுனிகள் மட்டும் கொஞ்சம் இழுபட்டு நீண்டிருந்தன. இத்தனை வருஷம் வழுக்கியது அந்த நீளம்தான். தண்ணீரில் குழைத்திருந்தால் அந்த இடம்தான் முதலில் துருப்பிடித்திருக்கும். அவள் சொன்னபடியேதான் நடந்திருக்கிறது.

மச்சானும் ஏறி வந்து பார்த்தார். வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூடிருங்க மாப்ள. ஏசியும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். அவ இருக்கட்டும்" என்றார். நான் எதைக் கேட்க வேண்டும் என்று நெஞ்சு தவித்ததோ அதையே அவர் வாயால் கேட்டேன். பிட்டர்கள் அப்பால் போய் நின்றுகொண்டார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் சரி என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும், உனக்கும் தெரியப்போவதில்லை. கீழே பார்த்தேன். வரிசை வரிசையாக நாற்காலிகள், உன் கல்யாணத்துக்கு மச்சான் புதிதாக வாங்கியவை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "மச்சான், இதுக்கு அடியிலதான் நம்ம புள்ள உக்காரப் போறான்" என்றேன். அவர் கையை விட்டுவிட்டார்.

தின்னரில் துணியை நனைத்து முதலில் எண்ணெயைத் துடைத்தேன். கை மறையவில்லை. பிறகு கம்பி பிரஷ்ஷை வாங்கினேன், மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கையால்தான் தேய்த்தேன். அவள் கையைத் தேய்க்க எனக்கு வரவில்லை, சுற்றியிருந்த துருவிலிருந்து ஆரம்பித்தேன். துரு போகப் போக அந்த இடமும் வெளுத்துக்கொண்டே வந்தது. உள்ளங்கை ஓரம் முதலில் கலந்தது, பிறகு விரல்களுக்கு இடையில் இருந்த துரு போயிற்று, விரல்களும் போயின. எந்த இடத்தில் அவள் கை முடிகிறது என்று தெரியாமல் போனது. அழிந்தது என்றும் சொல்ல முடியவில்லை. முகம் முழுவதும் அவள் காப்பாற்றி வைத்திருந்த நிறத்துக்கு வந்திருந்தது. போட்டோ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேய்த்திருக்க மாட்டேன்.

புதுத் தகடு, புது போல்ட், அளவு காட்டும் ரெஞ்சு வைத்து முழு இறுக்கம் எல்லாம் நானே நின்று பார்த்தேன். எல்லோரும் போன பிறகு மச்சானும் நானும் மட்டும் கீழே உட்கார்ந்திருந்தோம். வெயில் இறங்கியது. கூரை தணிந்தது. மச்சான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் ஒரு சத்தமும் வரவில்லை. மச்சான் எழுந்து, வாங்க மாப்ள, பஸ்ஸ விட்றுவீங்க என்றார்.

நாளைக்கு உன் மனைவியும் உன் மேல் உள்ள அன்பினால் உன் வேலையில் ஒரு தப்புச் செய்வாள். சேர்ந்து சிரியுங்கள். சிரித்து முடித்ததும் சரிசெய்துவிடு, என்னைப் போல வைத்துக்கொண்டிருக்காதே. உன் கணக்கை மாற்ற வேண்டாம், ட்ராயிங்கில் இருப்பது இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது. கல்யாணத்தை அங்கேயே வைத்துக்கொள். நான் முன் வரிசையில் உட்காருவேன், மேலே பார்க்க மாட்டேன். கூரை பத்திரமாக இருக்கிறது. உன் அம்மா அங்கே இல்லை.

அப்பா